லொவாட்டோ வீட்டுப் பங்கு

மார்ச் மாதம் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் பேச்சு குறைந்துவிடும். வாயைத் திறந்தால் மண் போகும் என்பது ஒரு காரணம். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். உச்சியில் எவ்வளவு பனி மிச்சமிருக்கிறதோ அவ்வளவுதான் அந்த வருடத்துத் தண்ணீர். அந்த வருடம் மார்ச்சிலேயே பாறை தெரிந்தது. வடக்கு நியூ மெக்சிகோவில் பாறையைப் பார்த்தவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. குதிரைமசால் தீவனம் இரண்டு அறுப்பா ஒரே அறுப்பா என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவான்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். தெற்கே எல்லைப் பக்கத்து ஆள். இந்த ஊரில் பெண்ணெடுத்து, இங்கேயே தங்கி, மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகாதவன். எதிர்வீடு ஒனோஃப்ரே மாயெஸ்தாஸ் வீடு. சாயங்காலம் பேருந்தை நிறுத்தியதும் என் கால்கள் என் வீட்டுக்குப் போகாமல் அவர்கள் சமையலறைக்குப் போய்விடும். அடுப்பில் காப்பி எப்போதும் இருக்கும். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது.

அந்த வாரம் அந்த வீட்டில் எல்லோரும் ஒரு தொலைபேசியைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

அல்புகெர்க்கியில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு இருந்தது. பள்ளி முடித்த கையோடு சேர்த்துக்கொள்வார்கள். நான்கு வருடம் பட்டப்படிப்பு, அது முடிந்ததும் மருத்துவப் படிப்பில் இடம் தயாராக இருக்கும், மறுபடி போட்டி போட வேண்டாம். எங்களைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். படித்து முடித்து இங்கேயே திரும்பி வந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எங்கள் ஊர் மருத்துவமனைக்கு டாக்டர்கள் வருவதும் போவதும் மணற்காட்டு மழை மாதிரி. பெயர் மனப்பாடம் ஆவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

ஒனோஃப்ரேயின் மகள் நோயெமி விண்ணப்பித்தாள். மேல்தெருவில் இருக்கும் டெல்ஃபீனோ லொவாட்டோவின் மகள் ஷாண்டெலும் விண்ணப்பித்தாள். இரண்டு பேரையும் நேர்முகத்துக்கு ஒனோஃப்ரேதான் தன் வண்டியில் பனியில் கூட்டிக்கொண்டு போனார். ஷாண்டெலுக்கு இடம் கிடைத்தது. நோயெமியைக் காத்திருப்போர் வரிசையில் வைத்தார்கள். வடக்கு கிராமங்களுக்கான வரிசையில் நோயெமிதான் முதல் ஆள், ஷாண்டெல் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் நேராக இவளுக்குத்தான் என்று பள்ளியில் வழிகாட்டி ஆசிரியை சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஷாண்டெல் பதில் சொல்ல அடுத்த வெள்ளிக்கிழமை வரை நாள் இருந்தது.

வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இருந்தது. டெல்ஃபீனோ மனைவியை இழந்தவர். பனிக்காலத்தில் மாட்டுத்தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, இரண்டு கோல் ஊன்றி நடந்துகொண்டிருந்தார். அவருடைய மாட்டுக்கும் வயலுக்கும் ஷாண்டெலை விட்டால் ஆள் இல்லை.

பெர்சபே, ஒனோஃப்ரேயின் மனைவி, வெந்நீர் ஊற்றிய தகரத்தொட்டியில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை. நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிவிட்டு வருவாள். அடுப்பில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது. ஒனோஃப்ரே ஜன்னலருகே உட்கார்ந்து மண்வெட்டிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் வாய்க்கால் வெட்டு.

"நீங்களே சொல்லுங்க லஸாரோ அண்ணே, நான் கேக்கறது தப்பா?" என்றாள் பெர்சபே.

"நீ என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாதே."

"நான் எங்க கேட்டேன்? இந்த மனுஷனைக் கேக்கச் சொல்றேன். டெல்ஃபீனோ கிட்ட ஒரு வார்த்தை. 'கொம்பாத்ரே, உங்க இடுப்பு இருக்கற இருப்புக்குப் பொண்ணை எட்டு வருஷம் அனுப்பிட்டு என்ன பண்ணப் போறீங்க, இந்த வருஷம் இங்கயே காலேஜ்ல போடுங்களேன்'னு. நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

"நல்லதுக்கா?" என்றார் ஒனோஃப்ரே.

"அவருக்கும் நல்லது."

அரம் மறுபடி ஓடியது. ஷாண்டெலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவர்கள் ஒனோஃப்ரேயும் பெர்சபேயும்தான். அன்றிலிருந்து அந்த இரண்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனிடம் சண்டை போடலாம், கொம்பாத்ரேயிடம் குரல் உயரக் கூடாது. ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள், அன்று முதல் 'நீங்க' போட்டுத்தான் பேசினார்கள்.

"கேட்டா அவர் இல்லைன்னு சொல்ல முடியாது பெர்சபே."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

"அதனாலதான் கேக்கக் கூடாது."

"இப்படியே இரு. ஊருக்கெல்லாம் தண்ணி பங்கு போட்டுக் குடுப்ப. உன் வீட்டுக் குடத்துல ஓட்டை." அவள் காலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "அவ என்னை மாதிரி ஆகக் கூடாதுன்னு நெனைக்கறேன். அவ்வளவுதான். நான் கழுவற கிழவங்களுக்கு அவ மருந்து எழுதணும். பெரிய பேராசையா அண்ணே இது?"

நான் காப்பியைக் குடித்தேன். அந்த வீட்டில் எனக்கு மரியாதை இருந்ததற்குக் காரணம், இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை என்பதுதான்.

நோயெமி உள்ளே வந்தாள். உயரமான பெண், தோள் அகலம் அப்பாவுடையது. நேர்முகத்தில் 'உங்கள் ஊரில் டாக்டர்கள் ஏன் தங்குவதில்லை' என்று கேட்டதற்கு 'காற்று' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தவள். அதனால்தான் வரிசையில் வைத்துவிட்டார்கள் என்று பெர்சபே சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"போன் அடிச்சுதா?" என்றாள் நோயெமி.

"உங்க சித்தி. சர்க்கரை இருக்கான்னு கேட்டா," என்றாள் பெர்சபே.

நோயெமி அவரைக்கொட்டைப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "நாளைக்கு நம்ம வீட்டு ஆளா நான் வெட்ட வரேன்பா. இங்க உக்காந்திருக்க முடியல."

ஒனோஃப்ரே கூர் பார்த்த மண்வெட்டியை அவளிடம் நீட்டினார்.

வாய்க்கால் வெட்டு தவக்காலத்தில்தான் வரும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. ஆள் வராத வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும், மலைமேல் இருக்கும் அரசு ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும் இதுதான் சட்டம். ஒனோஃப்ரே அந்த வாய்க்காலுக்கு நீர்க்கட்டி, தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவர். நீர்க்கட்டி வெட்ட மாட்டார். கையில் ஒரு கோலுடன் கரையில் நடந்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கோடு கிழிப்பார். எல்லோரும் தங்கள் பங்கை முடித்ததும் ஒரு சத்தம் கொடுப்பார். வரிசை அப்படியே கீழே நகரும். தலைமதகில் தொடங்கி வால் வரைக்கும் இப்படியே.

அன்று காற்று காலையிலேயே எழுந்துவிட்டது. சிவப்பு வில்லோப் புதர்கள் தரையோடு படுத்து எழுந்தன. வாய்க்காலுக்குள் உருண்டு வந்து அடைந்திருந்த காய்ந்த முள்செடிப் பந்துகளை ஒருவன் தீ வைத்துக்கொண்டே முன்னால் போனான். ஒனோஃப்ரே பெயர் கூப்பிட்டு ஆட்களை நிறுத்தினார்.

"லொவாட்டோ?"

ஆட்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஷாண்டெல் அல்புகெர்க்கி போயிருக்கா," என்றேன் நான். "அந்தப் படிப்புக்காரங்க கூப்பிட்டு இடத்தைச் சுத்திக் காட்டறாங்களாம்."

"அப்ப லொவாட்டோ பங்கு காலி," என்றான் பெலார்மீனோ. ஊரில் வாய்க்குப் பெயர் போனவன். "ஆள் இல்லைன்னா தண்ணி இல்லை. நான் சொல்லல, உங்கப்பா காலத்துச் சட்டம், ஒனோஃப்ரே."

ஒனோஃப்ரே கோடு கிழித்தார். லொவாட்டோ பங்கு நோயெமியின் பங்கை ஒட்டிக் கிடந்தது. யாரும் இறங்காத அந்தத் துண்டில் போன வருடத்து வண்டல் முழங்கால் உயரத்துக்குப் படிந்து, அதன் மேல் ஒரு பீர் டப்பா பாதி புதைந்து கிடந்தது.

நோயெமி தன் பங்கை முடித்தாள். நிமிர்ந்து முதுகைப் பின்னால் வளைத்தாள். மற்றவர்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையும் பார்க்காமல் ஒரு அடி எடுத்து வைத்து லொவாட்டோ பங்கில் இறங்கினாள். முதலில் பீர் டப்பாவைக் கரையில் எறிந்தாள்.



"என்ன நோயெமி, டாக்டர் சீட்டுக்கு அட்வான்ஸா?" என்றான் பெலார்மீனோ.

சிலர் சிரித்தார்கள்.

"இல்ல மாமா," என்றாள் அவள், வெட்டுவதை நிறுத்தாமல். "உங்க பங்கைப் பாத்தேன். அதையும் கடைசில நான்தான் வெட்டணும் போல. அதான் இதைச் சீக்கிரம் முடிக்கறேன்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். பெலார்மீனோவும் சிரித்தான். ஒனோஃப்ரே மட்டும் சிரிக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றார். நிறுத்து என்று சொல்லலாம். எல்லோர் முன்னாலும் சொன்னால், எதற்காகச் சொல்கிறார் என்பதும் தெரிந்துவிடும். அவர் அடுத்த கோட்டைக் கிழிக்கப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒருவர் வேலையை இன்னொருவர் கேட்காமல் போய்ச் செய்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. செய்கிறவருக்கு ஏதோ வேண்டும், வாயால் கேட்க மனமில்லை என்று அர்த்தம். ஒரு குளிர்காலத்தில் பெலார்மீனோவின் தம்பி யாரும் சொல்லாமல் ஒரு வீட்டுக் கூரைப் பனியைத் தள்ளிவிட்டு வந்தான். அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்கிறான் என்று ஊரே புரிந்துகொண்டது. கல்யாணமும் நடந்தது. நோயெமிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பங்கில் இறங்கிய நேரத்தில் அவள் அதை நினைக்கவில்லை என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். கை சும்மா இருந்தால் அவளுக்குத் தொலைபேசி ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்துக்கு டெல்ஃபீனோ தன் பழைய வண்டியில் வந்தார். அபராதம் கட்டினால் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து, முதலில் கோல்களை இறக்கி, பிறகு தன்னை இறக்கினார். கரையோரம் வந்து நின்று பார்த்தார். தன் பங்கு அடிவரைக்கும் வெட்டி, ஓரம் சீவி, சுத்தமாக இருந்தது. நோயெமி அதற்குள் உட்கார்ந்து, பெர்சபே கொடுத்தனுப்பிய தோர்த்தியா ரொட்டியில் அவரைக்கொட்டையும் மிளகாயும் சுருட்டித் தின்றுகொண்டிருந்தாள்.

"யார் சொல்லி வெட்டின மகளே?"

"யாரும் சொல்லல டெல்ஃபீனோ ஐயா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"யாரும் சொல்லல," என்றார். தொப்பியைக் கழற்றினார். அந்தக் காற்றில் அவருடைய நரைமுடி எல்லாத் திசையிலும் பறந்தது. தூரத்தில் கோலுடன் நின்ற ஒனோஃப்ரேயைப் பார்த்து அந்தத் தொப்பியை லேசாக உயர்த்திவிட்டு, வண்டியில் ஏறிப் போனார்.

ஒனோஃப்ரே பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. தன் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை முதலில் நோயெமி ஏறினாள், என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மேல்தெரு திருப்பத்தில் ஷாண்டெல் ஏறினாள். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து அந்த இருக்கைதான். ஷாண்டெல் குள்ளம், பேச்சுக்காரி. அன்று வந்து உட்கார்ந்தவள் பாலம் தாண்டும்வரை பேசவில்லை.

"நல்லா இருந்துச்சாடி அங்க?" என்றாள் நோயெமி.

"இருந்துச்சு. ஒரு ரூம்ல பிளாஸ்டிக் மனுஷன் ஒருத்தன் படுத்திருக்கான். மூச்செல்லாம் விடறான். இருமறான். எங்கப்பாவை விட நல்லா இருமறான்." சிரிக்க முயன்றாள். "நான் போகலடி."

"ஏன்?"

"நீ எங்க பங்கை வெட்டினியாமே."

பேருந்து குழியில் இறங்கி ஏறியது. கண்ணாடியில் நோயெமியின் முகம் தெரிந்தது. டெல்ஃபீனோ அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"நான் அதுக்காக வெட்டல."

"எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? அப்பாவுக்குத் தெரியாதே. 'கொம்பாத்ரே கேட்டுட்டார், வாய் விட்டுக் கேக்காம தன் பொண்ணை மண்ணுல இறக்கிக் கேட்டுட்டார், அதுக்கு மேலயும் இல்லைன்னு சொன்னா நான் மனுஷனே இல்ல'ங்கறார். அழுதார்டி. அம்மா செத்தப்ப கூட அவர் அழுது நான் பாக்கல."

"நான் வந்து சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? எங்கப்பா உங்க கிட்ட ஒண்ணும் கேக்கலன்னா? அதைவிட மோசமா வேற என்ன இருக்கு? அவர் குடுத்ததை மூஞ்சில எறியற மாதிரி ஆயிடும்."

"எப்ப பதில் சொல்லணும்?"

"வெள்ளிக்கிழமை."

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல." ஷாண்டெல் விரல் நகத்தைக் கடித்தாள். "கடைசி நாள் வரைக்கும் வெச்சிருக்கலாம்னு இருக்கேன். சும்மா வெச்சிருக்க."

பேருந்து பள்ளிக்கு வந்தது. நான் கதவைத் திறந்தபோது நோயெமி எழுந்திருக்கவில்லை. மற்ற பிள்ளைகள் இறங்கினார்கள்.

"அவங்க என்னைக் கூப்பிட்டா நான் வரேன்னுதான் சொல்வேன், ஷாண்டெல்," என்றாள். "பொய் சொல்ல வரல எனக்கு."

"தெரியும்டி," என்றாள் ஷாண்டெல். "நானா இருந்தாலும் அதான் சொல்வேன்."

அன்று சாயங்காலம் சமையலறையில் பெர்சபே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். செய்தி என்னை முந்திக்கொண்டு வந்திருந்தது. நோயெமியே சொல்லிவிட்டாள். பெர்சபேயின் முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் அது களவுப் பொருளை மடியில் வைத்திருப்பவளின் முகம். மாவை வேண்டியதைவிட அதிக நேரம் பிசைந்தாள்.

"யாரும் கேக்கல. நானும் கேக்கல, நீயும் கேக்கல. தானா வந்துச்சு. கடவுள் குடுத்தா வாங்கிக்கணும் ஒனோஃப்ரே."

"கடவுள் குடுக்கல. டெல்ஃபீனோ குடுக்கறார்."

"அவர் மூலமா குடுக்கறார்."

"அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்."

"ஊர்ல யார்தான் சரியாப் புரிஞ்சுக்கறாங்க? உன்னை நான் கட்டினதே தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத்தான். கம்முனு இருக்கறதைப் பாத்து ரொம்ப யோசிக்கறவன்னு நெனைச்சேன்." என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கற பொண்ணு. அடுத்த வருஷம் போகட்டும், வேற இடம் போகட்டும். நம்ம பொண்ணுக்கு இது ஒண்ணுதான்."

"அடுத்த வருஷம்லாம் கிடையாதும்மா," என்றாள் நோயெமி. சுவரோரம் நின்றிருந்தாள். "பள்ளிக்கூடம் முடிக்கற வருஷம்தான் எடுப்பாங்க. அவளுக்கும் ஒருதடவைதான்."

கல்லின் மேல் தோர்த்தியா ஊதிப் பெரிதாகி, அடங்கியது. யாரும் திருப்பவில்லை. கருகும் வாசனை வந்த பிறகுதான் பெர்சபே கை நீட்டினாள்.

ஒனோஃப்ரே மகளைப் பார்த்தார்.

"உனக்கு வேணுமா?"

"வேணும்."

அவர் காத்திருந்தார். அவள் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. 'ஆனா' என்று தொடங்கவும் இல்லை. ஒனோஃப்ரே எழுந்து, தன் குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். வாய்க்கால் பக்கம் அவர் போவது ஜன்னலில் தெரிந்தது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை. சுத்தமாக வெட்டிய வெறும் பள்ளத்தை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை மாலை நான் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார். நெடுஞ்சாலைத் துறை வேலையுடுப்பு இன்னும் மாற்றவில்லை. தார் வாசனை அடித்தது.

"உன் பிக்கப் வேணும் லஸாரோ. கூட ஒரு ஆளும் வேணும்."

"எதுக்கு?"

"சுமை ஏத்த."

வண்டி மேல்தெருவுக்குத் திரும்பியபோதுதான் யார் வீட்டுக்குப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது.

"ஒனோஃப்ரே, பேசப் போறியா?"

"பேசினா அவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். கொம்பாத்ரே ஆசையை மறைச்சு மரியாதைக்கு வேண்டாங்கறார்ன்னு நெனைப்பார்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "நான் தண்ணி பங்கிடறவன். வேணுங்கறவனுக்கெல்லாம் குடுத்தா வாய்க்கால் நாலு நாள் தாங்காது. முறை யாரோடதுன்னுதான் பாக்கணும்."

"நோயெமி வேணும்னு சொன்னாளே."

"ஆமா. சொன்னா."

டெல்ஃபீனோ வீட்டு முற்றத்தில் பிஞ்ஞோன் பைன்மர விறகு சுவர் மாதிரி அடுக்கியிருந்தது. இடுப்பு உடைவதற்கு முன் அவரே மலையிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டு கோல்களை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. ஒருவருக்கு ஒரு பெரிய பொருளைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப்போகிற மனிதனின் முகம்.

"வாங்க கொம்பாத்ரே. வாங்க லஸாரோ. இப்பதான் காப்பி வெச்சேன்."

ஒனோஃப்ரே தொப்பியைக் கழற்றவில்லை.

"சனிக்கிழமைக் கூலிக்கு வந்தேன்."

"என்ன கூலி?"

"என் பொண்ணு உங்க பங்கை வெட்டினா. ஒரு ஆள் வேலை. காசு வேண்டாம், விறகாக் குடுத்துடுங்க."

டெல்ஃபீனோவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அது எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"விளையாடாதீங்க கொம்பாத்ரே."

"விளையாடல."

"விறகு வேணும்னா குவியலையே எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு எதுக்கு? கூலின்னு மட்டும் சொல்லாதீங்க."

"கூலிதான்."

காற்று நின்றிருந்தது. தொழுவத்தில் ஒரு மாடு கழுத்தைக் கம்பியில் தேய்க்கும் சத்தம் கேட்டது. கொம்பாத்ரேக்களுக்கு நடுவில் கூலி என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேலைக்காரனுக்குக் கூலி உண்டு. அந்நியனுக்கு உண்டு. ஒனோஃப்ரே குவியலுக்குப் போய் விறகை எடுத்து வண்டியில் போடத் தொடங்கினார். நானும் போட்டேன். வேறென்ன செய்வது?

வண்டியில் பாதி நிறைந்ததும் நின்று பார்த்தார். மேலே கிடந்த மூன்று நான்கு கட்டைகளைத் திரும்ப எடுத்துக் குவியலில் வைத்தார்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் வரும். இது அதிகம்."

அதுதான் டெல்ஃபீனோவை அடித்தது. விறகு எடுத்ததை அவர் பொறுத்திருப்பார். திருப்பி வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. கோலை ஊன்றி ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் என் பொண்ணை எதுக்கு நிறுத்தினேன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் எதுவும் கேக்கல. வேலை நடந்துச்சு, கூலி வாங்கியாச்சு."

"அப்ப கணக்கு தீந்துச்சா?"

"தீந்துச்சு."

"உங்க கையில வெச்சுத்தான் என் பொண்ணுக்குத் தண்ணி ஊத்தினாங்க."

ஒனோஃப்ரே வண்டியின் பின்கதவைத் தூக்கி மாட்டினார். அதன் கொக்கி எப்போதுமே சரியாக விழாது. இரண்டு முறை முயன்றார்.

"அவ போயிட்டா வயலுக்கு யார் தண்ணி கட்டுவா?" என்றார் டெல்ஃபீனோ.

"உங்க முறை வர்றப்ப தண்ணி வரும். மடையை நான் திறப்பேன். அது என் வேலை."

"வேலைன்னா அதுக்கும் கூலி வாங்கிக்கோங்க."

"சரி."

"போங்க, மாயெஸ்தாஸ்."

அந்தக் குடும்பப் பெயரை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஒனோஃப்ரே தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை முழுக்கப் பிசின். நான் வானொலியைப் போட நினைத்து, போடவில்லை.

வீட்டு முற்றத்தில் இறக்கும்போது பெர்சபே வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். விறகைப் பார்த்தாள்.

"இந்த மாசத்துல எதுக்கு விறகு? எங்கேருந்து?"

ஒனோஃப்ரே அடுத்த கட்டையை இறக்கினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேல்தெருப் பக்கம் ஒரு நொடி பார்த்திருக்க வேண்டும். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். விளக்கம் தேவைப்படவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து பாதங்களைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"வெட்டினது அவ," என்றாள். "வித்தது நீ."

உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் நோயெமி வெளியே வந்தாள். குவிந்து கிடந்த விறகையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒனோஃப்ரே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் குனிந்து ஒரு கட்டையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அவரும் எடுத்தார். பட்டை வெளிப்பக்கம் வருமாறு, இடுக்கு விழாமல், இருவரும் அடுக்கினார்கள். முடிந்ததும் அவள் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மெதுவாகத்தான் மூடியது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வழக்கமான நேரத்துக்கு ஏறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "காலை வணக்கம் மாமா" என்றாள். கண் வீங்கியிருந்தது. காற்று மறுபடி எழுந்து பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது.

மேல்தெருத் திருப்பத்தில் ஷாண்டெல் நின்றிருந்தாள். ஏறியவள் உட்காரத் தயங்கினாள். நோயெமி தன் பையை நகர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். ஷாண்டெல் உட்கார்ந்தாள்.

"அப்பா காலைல என்னைப் போகச் சொல்லிட்டார்," என்றாள், மூச்சு வாங்க. "ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார். மூஞ்சியே பாக்கல. 'யாருக்கும் நம்ம கடன் இல்ல, போ'ன்னார். நான் வரேன்னு அனுப்பிட்டேன்டி. இப்பதான், வாசல்ல நின்னு அனுப்பினேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம்..."

"தெரியும்," என்றாள் நோயெமி, ஜன்னலைப் பார்த்தபடி. "விறகு வந்துச்சு."